கடை உங்களுடையது, சாவி யாரிடம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் பத்து நாள் பேச்செல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே இருக்கும். பதினோராவது நாள் பேச்சு மாறும். "நம்ம கடையையும் இன்டர்நெட்டில் போட்டால் என்ன?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சுங்குடிப் புடவை விற்பவர், டெய்லர் கடை வைத்திருப்பவர், வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கும் குடும்பத் தலைவி, மாலையில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை என்று எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். வர வேண்டிய ஆசையும்கூட.

உடனே நாலு பக்கமிருந்தும் யோசனைகள் வந்து குவியும். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுங்கள், ஃபேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரம் செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பியுங்கள் என்பார்கள். எப்படி விற்பது என்று சொல்லித்தர எல்லோரும் தயார். ஆனால் அந்தப் பக்கமெல்லாம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டில் விளம்பரம் செய்வது ஒரு வேலை, பாதுகாப்பு இன்னொரு வேலை என்று சிறு வியாபாரி பிரித்துப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒரே வேலைதான். விளம்பரம் செய்து நீங்கள் சம்பாதிப்பது ஒரு பெயர், ஒரு முகவரி, வாடிக்கையாளரின் நம்பிக்கை. திருடன் எடுத்துப் போவதும் அதையேதான். ஆகவே விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவு செய்யும் முன்பு, கடையின் சாவிகள் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

ஷட்டர் கடையும் இன்டர்நெட் கடையும்

தெருவில் ஒரு கடை பிடிக்கும்போது எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் மீட்டர் யார் பெயரில் என்று ஒவ்வொன்றையும் பார்க்கிறோம். பழைய ஆள் காலி செய்து போனதும் முதல் வேலையாகப் பூட்டை மாற்றுகிறோம். மாற்றுச் சாவி வேலையாளிடம் இருந்தால், அவர் வேலையை விட்டு நிற்கும் அன்றே திருப்பி வாங்கிக்கொள்கிறோம். இதையெல்லாம் ஒரு வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே மனிதர் இன்டர்நெட்டில் கடை போடும்போது என்ன செய்கிறார்? அக்கா மகனைக் கூப்பிட்டு, "மாப்ளே, எனக்கு இதெல்லாம் தெரியாது. நீயே பார்த்துப் போட்டு விட்டுடு" என்கிறார். அந்தப் பையன் தன் சொந்த இ-மெயிலில் எல்லாவற்றையும் தொடங்குகிறான். தன் மொபைல் எண்ணைக் கொடுக்கிறான். பாஸ்வேர்டு அவனுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடம் கழித்து அவன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். பழைய சிம் கார்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறான். அதற்குள் கடைப் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் சில ஆயிரம் பேர் ஆகியிருப்பார்கள். ஒரு நாள் பக்கம் பூட்டிக்கொள்கிறது. "உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்" என்று திரையில் வருகிறது. அந்த எண்ணே இப்போது இல்லை!

இதில் பையன் மேல் தப்பில்லை. மாமாவுக்கு உதவிதான் செய்தான். திருடனும் வரவில்லை, வைரஸும் வரவில்லை. ஆனாலும் கடை போய்விட்டது.

ஐந்து சாவிகள்

சரி, எந்தெந்தச் சாவிகளைப் பார்க்க வேண்டும்? சிறு கடைக்கு ஐந்து போதும். ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சாவி மொபைல் எண். கடைக்கென்று ஒரு தனி எண் வைத்திருங்கள். அந்த சிம் உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையில் வாங்கியதாக இருக்கட்டும். ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் நிறுத்திவிட்டுப் பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் ஓடிபிகள் எல்லாம் அவருக்குப் போகும்.

இரண்டாவது சாவி இ-மெயில். மற்ற எல்லாச் சாவிகளையும் தொங்கவிடும் ஆணி இதுதான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று எந்த வெப்சைட்டில் கிளிக் செய்தாலும், புதிய பாஸ்வேர்டுக்கான வழி இந்த முகவரிக்குத்தான் வரும். ஆகவே கடைக்கென்று தனியாக ஒரு இ-மெயில் கணக்கு தொடங்குங்கள். சினிமா டிக்கெட், ஆன்லைன் விளையாட்டு என்று கண்ட இடத்திலும் அந்த முகவரியைக் கொடுக்காதீர்கள். இந்தக் கணக்கில் "டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்" என்ற வசதியை இன்றே இயக்கிவிடுங்கள். பாஸ்வேர்டு ஒரு பூட்டு என்றால் இது மேலே போடும் இரண்டாவது பூட்டு. பாஸ்வேர்டு தெரிந்தவன்கூட உங்கள் போன் இல்லாமல் உள்ளே வர முடியாது.

மூன்றாவது சாவி டொமைன், அதாவது வெப்சைட் வைத்திருந்தால் அதன் முகவரி. வெப்சைட் செய்து கொடுப்பவர்கள் பலர், வேலை சுலபம் என்பதற்காக டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். பிறகு அவர்களோடு கணக்குத் தகராறு வந்தால் உங்கள் கடைப் பெயர் அவர்கள் கையில் இருக்கும். டொமைனுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்துதான் செலவு. டாட் இன் என்று முடியும் முகவரிகளை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அது அங்கீகரித்த ரெஜிஸ்ட்ரார் நிறுவனங்களில் நீங்களே நேரடியாகப் பதிவு செய்யலாம். உரிமையாளர் பெயர் உங்களுடையதாகவும், இ-மெயில் மேலே சொன்ன கடை இ-மெயிலாகவும் இருக்கட்டும். வெப்சைட்டை வடிவமைப்பவருக்குத் தேவையான அனுமதியைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது சாவி கூகுள் மேப். "பக்கத்தில் டெய்லர் கடை" என்று தேடுபவருக்கு உங்கள் கடையைக் காட்டுவது கூகுளின் பிசினஸ் ப்ரொஃபைல். இது இலவசம். இதில் முதன்மை உரிமையாளர், உரிமையாளர், மேலாளர் என்று தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. முதன்மை உரிமையாளராக நீங்கள் இருங்கள். உதவி செய்பவரை மேலாளராகச் சேருங்கள்.

ஐந்தாவது சாவி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பக்கங்கள். ஃபேஸ்புக் பேஜில் முழு அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அறிந்த இன்னொருவருக்கும், மனைவியோ மகனோ, அதே அதிகாரம் இருப்பது நல்லது. ஒருவர் கணக்கு பூட்டிக்கொண்டால் மற்றவர் திறக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இணைந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

பாஸ்வேர்டை எழுதி வையுங்கள்!

பாஸ்வேர்டை எங்கும் எழுதாதீர்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆபீஸில் வேலை செய்பவருக்கு, மானிட்டரில் சீட்டு ஒட்டி வைப்பவருக்கு, அது சரியான அறிவுரை. வீட்டிலிருந்தோ சிறிய கடையிலிருந்தோ வியாபாரம் செய்பவருக்கு நான் மாற்றிச் சொல்வேன். ஒரு நோட்டில் எழுதி, பத்திரம் வைத்திருக்கும் பீரோவில் வையுங்கள்.

காரணம் எளிது. எழுதக் கூடாது என்றால் மனிதர் என்ன செய்கிறார்? பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிடுகிறார். ஏதோ ஓர் வெப்சைட்டில் அது கசிந்தால் எல்லாப் பூட்டும் திறந்துகொள்ளும். ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவனால் உங்கள் பாஸ்வேர்டை ஊகிக்க முடியும், பீரோவைத் திறக்க முடியாது. நோட்டு இருந்தால் ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு நீளமான பாஸ்வேர்டு வைக்கத் தைரியம் வரும். கம்ப்யூட்டர் பழகிய பிறகு பாஸ்வேர்டு மேனேஜர் சாஃப்ட்வேருக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் வங்கி பின், யூபிஐ பின் இரண்டையும் நோட்டில்கூட எழுத வேண்டாம். அவை மனதில் மட்டும் இருக்கட்டும்.

இந்த நோட்டினால் இன்னொரு பயனும் உண்டு. வியாபாரம் பார்ப்பவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், அல்லது அதைவிடப் பெரிய துக்கம் நேர்ந்துவிட்டால், வீட்டிலிருப்பவர்கள் எந்தக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாமல் திகைக்கக் கூடாது. எல்ஐசி பத்திரம் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லி வைக்கிறோம் அல்லவா? இதையும் சொல்லி வையுங்கள்.

வாடகை இடத்தில் கோட்டை

சாவிகள் கைக்கு வந்தாயிற்று. இப்போது விளம்பரத்துக்கு வருவோம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாமே வாடகை இடம்தான். வாடகை வாங்குவதில்லையே என்று நினைக்கலாம். வாங்காவிட்டாலும் இடம் அவர்களுடையது. 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் ரசிகர்களைச் சேர்த்து, அதை நம்பியே சரக்கு விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முகவரி கைவிட்டுப் போனது. தடைக்கான காரணம் நாட்டின் பாதுகாப்பு. அதில் வியாபாரிகளின் பங்கு எதுவுமில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. சிறு வியாபாரிகளுக்கென்று கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த வெப்சைட் வசதியை 2024 மார்ச்சில் அதுவே நிறுத்திவிட்டது. பழைய ஆட்களுக்கு யாஹூவின் ஜியோசிட்டீஸும் ஆர்குட்டும் நினைவிருக்கும். முதலாவது 2009-இலும் இரண்டாவது 2014-இலும் மூடப்பட்டன.

அதற்காக இவற்றில் விளம்பரம் செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே வந்து வாங்கியவரின் பெயரையும் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸெல் ஃபைலில் எழுதி வையுங்கள். என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் போனாலும் வாடிக்கையாளர் போக மாட்டார். அந்த ஃபைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து தனியாக வைத்துவிடுங்கள். உங்கள் கடையின் உண்மையான சொத்து லைக்குகளின் எண்ணிக்கையில் இல்லை, இந்த ஃபைலில்தான் இருக்கிறது.

காசில்லாத நல்ல விளம்பரம்

கூகுள் மேப்பில் கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள், சரியான போன் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். பொங்கல், தீபாவளிக்கு நேரம் மாறினால் அதையும் மாற்றுங்கள். நேரத்தைத் தப்பாகக் காட்டி, வெயிலில் வந்தவரைப் பூட்டிய ஷட்டர் முன் நிறுத்தினால் அவர் மறுபடி வரமாட்டார். புகைப்படங்கள் உங்கள் சரக்கினுடையதாகவே இருக்கட்டும். இன்னொருவர் படத்தை எடுத்துப் போட்டால் முதல் பார்சலிலேயே சாயம் வெளுத்துவிடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது. சிறு வியாபாரிகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம். சரக்குப் படங்களையும் விலையையும் கேட்டலாக் போல அடுக்கி வைக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். குரூப்பில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும். உங்களை நம்பி எண் கொடுத்த பெண்களுக்கு அதனால் தொல்லை வரலாம். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலைப் போட்டிக் கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். குரூப்புக்குப் பதிலாக "பிராட்காஸ்ட் லிஸ்ட்" பயன்படுத்துங்கள். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும் என்பது இதன் இன்னொரு நல்ல குணம். விருப்பமில்லாதவரைத் தொந்தரவு செய்ய மாட்டீர்கள்.

காசு கொடுத்தால் ஆயிரம் ஃபாலோயர், ஐம்பது ஐந்து-நட்சத்திர விமர்சனம் என்று சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். ஃபாலோயர்கள் வெறும் பொம்மைக் கணக்குகள், ஒரு புடவைகூட வாங்க மாட்டார்கள். ஆன்லைன் சந்தைகளில் விற்பவர் தானே வாடிக்கையாளர் போல நடித்து விமர்சனம் எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. அதோடு, இப்படி வருபவர்கள் முதலில் கேட்பதே உங்கள் பாஸ்வேர்டைத்தான்!

"என்னைப் போய் யார் ஏமாற்றப் போகிறார்கள்?"

சிறு வியாபாரிகள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் கம்பெனிகள் இருக்க, என் பத்துக்குப் பத்து கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்று. கொஞ்சம் யோசியுங்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு அறிவுரை சொல்லலாம். வியாபாரிக்கு அப்படிச் சொல்ல முடியுமா? தெரியாத எண் என்றாலே அவருக்குப் புது வாடிக்கையாளர். எண்ணை ஊருக்கெல்லாம் கொடுத்து, "கூப்பிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருப்பதே அவர்தான். விளம்பரம் நன்றாக நடந்தால் மோசடிக்காரனும் கூப்பிடுவான்.

ஆகவே வியாபாரிக்கு வேறு விதி வேண்டும். என்னைக் கேட்டால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம், பேரம் பேசலாம், ஆர்டர் கொடுக்கலாம். ஆனால் யார் சொன்னாலும் நான் ஓடிபி சொல்ல மாட்டேன், பணம் வாங்குவதற்காக பின் போட மாட்டேன், அவர்கள் அனுப்பும் செயலியை நிறுவ மாட்டேன். இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். கடையில் வேலை செய்பவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பணம் வந்ததா, வந்த மாதிரி தெரிந்ததா?

யூபிஐயில் பின் எண் போடுவது பணம் கொடுப்பதற்கு மட்டும்தான். பணம் வாங்க பின்னும் வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், எங்கள் கேம்ப்புக்கு மொத்தமாகச் சரக்கு வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று பேசி ஏமாற்றுவது பல வருடங்களாக நடக்கும் வித்தை. ஸ்கேன் செய்து பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் "கலெக்ட்" கோரிக்கையை, தனிநபர்களுக்கிடையே, என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. மோசடியைக் குறைக்கத்தான் இந்த நடவடிக்கை. க்யூஆர் கோடு வித்தை அதனால் ஒழிந்துவிடவில்லை.

"தப்பாக இரண்டாயிரத்துக்குப் பதில் இருபதாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் அண்ணா" என்று ஒரு குரல் கெஞ்சும். உங்கள் போனில் பணம் வந்ததாக ஒரு எஸ்எம்எஸ்ஸும் இருக்கும். அந்த எஸ்எம்எஸ் வங்கியிலிருந்து வந்ததா, ஏதோ பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அதற்கும் மேலாக, வங்கிச் செயலியைத் திறந்து பேலன்ஸைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். பணம் வந்தால் குரல் கொடுக்கும் சவுண்ட் பாக்ஸ் கடையில் இருந்தால் கூட்ட நேரத்தில் உதவும்.

கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரையும் கவனியுங்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் இரவோடு இரவாகப் பல கடைகளின் ஸ்டிக்கர்கள் மீது வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. வாடிக்கையாளர் கொடுத்த பணம் வேறு கணக்குக்குப் போனது. தினமும் கடை திறந்ததும் உங்கள் போனிலிருந்தே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் போதும். அல்லது ஸ்கேன் செய்து பெயரை மட்டும் பாருங்கள். சாமி படத்துக்கு விளக்கேற்றும் போதே இதையும் செய்துவிடலாம்.

பயமுறுத்தும் செய்திகள், பளபளக்கும் ஃபைல்கள்

"உங்கள் பக்கம் விதிகளை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், மறுப்பு தெரிவிக்க இங்கே கிளிக் செய்யவும்" என்று ஃபேஸ்புக் நிறுவனமே அனுப்பியது போல ஒரு செய்தி வரும். கிளிக் செய்தால் அசல் போலவே ஒரு பக்கம் திறந்து பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்தால் கடை கைமாறிவிடும். இந்த மாதிரி செய்தி வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். நீங்களாகச் செயலியைத் திறந்து உள்ளே ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்றாலே சந்தேகப்படுங்கள்.

வங்கி வெப்சைட் முகவரிகளும் மாறியிருக்கின்றன. 2025 அக்டோபர் 31-க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. அந்த முடிவு இல்லாத "வங்கி" பக்கத்தில் எதையும் டைப் செய்யும் முன் நிதானியுங்கள். அதேபோல, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசின் வெப்சைட்டில் அதற்குக் கட்டணமே கிடையாது. அரசு முத்திரை போன்ற படத்தைப் போட்டு, ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் பக்கங்கள் அரசினுடையவை அல்ல.

ஃபைல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் "ஐ லவ் யூ" என்ற வைரஸ் உலகத்தையே கலக்கியது. காதல் கடிதம் போலத் தெரிந்த அந்த ஃபைலின் பெயர் "டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்" என்று முடிந்தது. விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டியதால் பலரும் சாதாரண எழுத்து ஃபைல் என்று நினைத்துத் திறந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதே தந்திரம்தான். 2024-இல் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் "டாட் ஏபிகே" ஃபைல்கள் சுற்றின. திறந்தால் அது பத்திரிகை இல்லை, போனைக் கைப்பற்றும் செயலி. நாளை உங்களுக்கு "ஆர்டர் லிஸ்ட்" என்ற பெயரில் வரலாம். ஆர்டரை மெசேஜாகவே டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான வாடிக்கையாளர் மறுக்க மாட்டார்.

கடைக்கு செகண்ட்-ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. புதிய ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத வீட்டில் கல்லாப்பெட்டியை வைக்கலாமா? விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று விற்றவரிடமே கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலையைச் செய்யாமல் பில் போடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நடந்துவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கை தவறலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வெட்கம்தான் மோசடிக்காரனின் பெரிய துணை. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு வெப்சைட்டிலும் புகாரைப் பதிவு செய்யலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. அடுத்து வங்கிக்குச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்திருந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. பின் எண்ணை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரையிலான நஷ்டம் உங்களுடையது என்றும் அதே விதி சொன்னது. எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது.

உங்கள் கடைப் பெயரில் போலிப் பக்கம் முளைத்தால் வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்லுங்கள். இங்கேதான் உங்கள் எக்ஸெல் ஃபைல் கைகொடுக்கும். "எங்கள் எண் இது ஒன்றுதான், வேறு யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்" என்று ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புங்கள். கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போலீசில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "இவ்வளவு வம்பு எதற்கு, இன்டர்நெட்டே வேண்டாம்" என்று சிலர் சொல்லலாம். அதை நான் ஏற்க மாட்டேன். சின்னாளப்பட்டியில் நெய்த புடவையை இடைத்தரகர் இல்லாமல் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் வாங்க முடிகிறது என்றால் அது சாதாரண விஷயமா? திருடன் இருக்கிறான் என்பதற்காகத் தெருவில் யாரும் கடை திறக்காமல் இருப்பதில்லை. நல்ல பூட்டாக வாங்கிப் போட்டுவிட்டுத் திறக்கிறோம்.

சாவிகளைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அக்கா மகன் ஊரிலிருந்தால் அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணக்காகத் திறந்து, உரிமையாளர் பெயரையும் எண்ணையும் இ-மெயிலையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். பிறகு திங்கட்கிழமை காலையில் ரீல்ஸ் எடுக்கலாம்.